ஒரே எஞ்சின், மூன்று ஊழியம்
ரயிலுக்கும் கப்பலுக்கும் மின்சாரத்துக்கும் உழைக்கும் டீசலைப் பற்றிச் சில செய்திகள்

நம்மில் பலர் தமிழ்நாட்டை விட்டு இங்கே வந்து இரண்டு, மூன்று தலைமுறை ஆகிவிட்டது. ஆனாலும் 'ஊர்' என்று சொன்னதும் காதில் விழும் ஒலிகளில் ஒன்று, கிணற்று மேட்டில் ஓடிய ஆயில் எஞ்சினின் 'டக், டக்' சத்தம். கடலோர ஊர்க்காரர்களுக்கு அதுவே விசைப்படகின் சத்தம். பெங்களூரில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கோ, மின்சாரம் போன பத்து விநாடிகளில் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூலையில் உறுமத் தொடங்கும் ஜெனரேட்டர்தான் தெரியும். மூன்றும் ஒரே குடும்பம். கிருஷ்ணராஜபுரம் டீசல் ஷெட்டில் நிற்கும் ரயில் எஞ்சினும், தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்துபோகும் சரக்குக் கப்பலின் எஞ்சினும் இந்தக் குடும்பத்தின் பெரியவர்கள்.

இந்தக் குடும்பத்தோடு ரயில்வேயில் என் வேலைக்காலம் முழுவதும் பழகியவன் என்ற முறையில், டீசல் எஞ்சின் எப்படி வேலை செய்கிறது, ரயிலுக்கும் கப்பலுக்கும் மின்சாரத்துக்கும் அது எப்படி வெவ்வேறு விதமாக உழைக்கிறது, நம் குடியிருப்பு ஜெனரேட்டரைப் பற்றி நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன என்பதை இங்கே சொல்ல விரும்புகிறேன். கடைசிப் பகுதி உயிர் சம்பந்தப்பட்டது. நேரமில்லாதவர்கள் அதையாவது படித்துவிடுங்கள்.

தீப்பொறி இல்லாமல் தீ

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சூடாவதை எல்லோரும் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். காற்றை வேகமாக அழுத்தினால் அது சூடாகும். இந்த ஒரே உண்மையின் மீதுதான் டீசல் எஞ்சின் நிற்கிறது. பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் தீப்பொறி தருகிறது. டீசலில் பிளக் கிடையாது. பிஸ்டன் மேலே ஏறும்போது உள்ளே இருக்கும் காற்றைப் பன்னிரண்டில் ஒரு பங்காகவோ, பதினாறில் ஒரு பங்காகவோ நெருக்குகிறது. காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அந்த நேரத்தில் இன்ஜெக்டர் வழியாக டீசல் மிக நுண்ணிய தூறலாகப் பீய்ச்சப்படுகிறது. பட்டவுடன் தானாகவே பற்றிக்கொள்கிறது. பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது, கிராங்க் ஷாஃப்ட் சுழல்கிறது.

இதைக் கண்டறிந்தவர் ருடால்ஃப் டீசல். ஜெர்மானியப் பெற்றோருக்கு 1858இல் பாரிஸில் பிறந்தவர். 1897இல் ஆக்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலையில் இவருடைய எஞ்சின் சோதிக்கப்பட்டபோது, எரிபொருளின் வெப்பத்தில் 26 சதவீதத்தை உழைப்பாக மாற்றிக் காட்டியது. அந்தக் காலத்து நல்ல நீராவி எஞ்சினே 10 சதவீதத்தைச் சுற்றித்தான் தடுமாறிக்கொண்டிருந்தது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள் என்பது நம்மவர்களுக்குச் சுவையான செய்தி. 1913 செப்டம்பர் 29 இரவு இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது டீசல் காணாமற்போனார். பிறகு அவர் உடல்தான் கடலில் கிடைத்தது. பெயர் மட்டும் உலகம் முழுவதும் பெட்ரோல் பங்க்குகளில் நிலைத்துவிட்டது.

தண்டவாளத்தில்

இந்திய ரயில்வேயின் டீசல் கதை என்றால் அதில் முதலிடம் டபிள்யூ.டி.எம்.2 எஞ்சினுக்குத்தான். அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைத்தது. 1962இல் முதல் எஞ்சின்கள் இறக்குமதியாயின. 1964 ஜனவரியில் வாரணாசி டீசல் லோகோமோட்டிவ் ஒர்க்ஸில் உள்நாட்டில் கட்டிய முதல் எஞ்சினை லால் பகதூர் சாஸ்திரி நாட்டுக்கு அர்ப்பணித்தார். அந்தத் தொழிற்சாலைக்கு 2020 முதல் பனாரஸ் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் என்று பெயர்.

டபிள்யூ.டி.எம்.2 எஞ்சினில் 16 சிலிண்டர்கள், ஆங்கில 'வி' எழுத்து வடிவில் இரு வரிசையாக இருக்கும். ஒவ்வொரு சிலிண்டரின் குறுக்களவு 9 அங்குலம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் பத்தரை அங்குலம். நிமிடத்துக்கு 1000 சுற்றில் 2600 குதிரைத்திறன். பின்னாளில் அதே அளவு சிலிண்டர்களை வைத்துக்கொண்டே 3100, 3300 குதிரைத்திறன் வரை நம் பொறியாளர்கள் உயர்த்தினார்கள். மீட்டர் கேஜ் பாதைகளில் ஓடிய ஒய்.டி.எம்.4 இதன் தம்பி. ஆறு சிலிண்டர், 1350 குதிரைத்திறன். குன்னூருக்கும் உதகைக்கும் இடையே இன்றும் மலை ரயிலை இழுப்பது இந்த வகைதான். இலங்கைக்கு 1996இல் போன எம்8 எஞ்சின்களும் வாரணாசியில் கட்டப்பட்ட இதே ஆல்கோ வம்சம்.

பலர் என்னிடம் கேட்கும் கேள்வி: "டீசல் ரயில் எஞ்சினில் கியர் எத்தனை?" ஒன்றும் இல்லை என்பதே பதில். அதற்குள் ஒரு சிறிய மின்நிலையமே இருக்கிறது. டீசல் எஞ்சின் ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. அதில் உண்டாகும் மின்சாரம் அச்சுகளில் பொருத்திய ஆறு மோட்டார்களுக்குப் போகிறது. சக்கரத்தைத் திருப்புவது மோட்டார்தான். ஏன் இந்தச் சுற்றுவழி? ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட வண்டியை நின்ற இடத்திலிருந்து நகர்த்த, சக்கரம் சுழலாத நிலையிலேயே முழு இழுவிசை வேண்டும். டீசல் எஞ்சினோ ஒரு குறைந்த வேகத்துக்குக் கீழே போனால் அணைந்துவிடும். மின் மோட்டாருக்கு அந்தக் குறை இல்லை. நின்ற நிலையில்தான் அதன் திருப்புவிசை மிக அதிகம். கியரும் கிளட்சும் தாங்காத வேலையை மின்சாரம் அலுங்காமல் செய்துவிடுகிறது. எஞ்சினை ஸ்டார்ட் செய்வதும் அதே ஜெனரேட்டர்தான். பாட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் அது மோட்டாராக மாறி எஞ்சினைச் சுற்றிவிடும்.

இந்த ஏற்பாடு எவ்வளவு நம்பகமானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய அப்போலோ ராக்கெட்டுகளை ஏவுதளத்துக்குச் சுமந்து சென்ற ராட்சத ஊர்தியை நாசா 1960களில் கட்டியபோது, அதில் ஜெனரேட்டர்களைச் சுற்ற வைத்தது இதே ஆல்கோ 251 வகை எஞ்சின்கள் இரண்டைத்தான். ஜோலார்பேட்டையில் சரக்கு வண்டி இழுத்த எஞ்சினும் அதுவும் உடன்பிறப்புகள்.

ரயில் எஞ்சினின் கஷ்டங்கள் தனி வகை. ஏற்றம், இறக்கம், சிக்னல், ஸ்டேஷன் என்று சுமை நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அதற்காகத்தான் டிரைவர் கையில் எட்டு 'நாட்ச்'. எடையும் கட்டுப்பாட்டுக்குள் இருக்க வேண்டும். டபிள்யூ.டி.எம்.2 சுமார் 113 டன். ஆறு அச்சுகளுக்குப் பகிர்ந்தால் அச்சுக்கு 19 டன்னுக்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேல் போனால் அன்றைய தண்டவாளமும் பாலமும் தாங்கா. குளிர்விக்கக் கடல் இல்லை, ஆறு இல்லை. கூரையில் இருக்கும் ரேடியேட்டரும் விசிறியும்தான். மே மாதத்துக் காட்பாடி வெயிலிலும் அதைக்கொண்டே சமாளிக்க வேண்டும்.

எண்ணெய்க் கணக்கும் கேளுங்கள். முழுச் சக்தியில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 160 கிராம் டீசல். 2600 குதிரைத்திறனுக்கு 416 கிலோ, அதாவது ஏறக்குறைய 490 லிட்டர். டாங்க் கொள்ளளவு 5000 லிட்டர். ஆக, இடைவிடாமல் எட்டாவது நாட்சில் ஓடினால் பத்து மணி நேரம் தாங்கும். சும்மா நிற்கும்போதுகூட மணிக்கு இருபது லிட்டருக்கு மேல் குடித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் பிற்காலத்தில், நிற்கும் நேரத்துக்கென்று தனியாக ஒரு குட்டி எஞ்சினை உள்ளே பொருத்தத் தொடங்கினார்கள்.

எஞ்சினுக்கும் ரத்தப் பரிசோதனை

டீசல் ஷெட் வேலையில் வெளியார் அதிகம் அறியாத பகுதி ஒன்று உண்டு. நமக்குச் சர்க்கரை, கொழுப்பு பார்ப்பதுபோல எஞ்சினின் லூப் ஆயிலை எடுத்துப் பரிசோதிப்பார்கள். ஒரு குப்பியில் மாதிரி எடுத்து, ஸ்பெக்ட்ரோ என்னும் கருவியில் எரித்துப் பார்த்தால், அதில் எந்தெந்த உலோகம் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு கலந்திருக்கிறது என்று தெரியும்.

செம்பும் ஈயமும் கூடினால் பேரிங் தேய்கிறது. இரும்பு கூடினால் லைனரையோ ரிங்கையோ பார்க்க வேண்டும். சிலிக்கான் கூடினால் தூசி உள்ளே போகிறது, ஏர் ஃபில்டரில் ஓட்டை. சோடியம் கூடினால் குளிர்விக்கும் தண்ணீர் எங்கோ எண்ணெயில் கசிகிறது. ஏனென்றால் அந்தத் தண்ணீரில் துருப்பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் மருந்தில் சோடியம் இருக்கிறது. ஒரே ஒரு தடவை பார்த்த எண்ணைவிட, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் உள்ள வித்தியாசமே முக்கியம். எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், சத்தத்தில் குறை இருக்காது, சக்தியில் குறை இருக்காது. ஆனால் ஈயம் ஏறிக்கொண்டே வரும். அந்த நிலையில் திறந்து பேரிங்கை மாற்றிவிட்டால் ஒரு நாள் வேலை. விட்டுவிட்டால் கிராங்க் ஷாஃப்ட்டே போய்விடும். நடுக்காட்டில் வண்டி நிற்கும்.

புகையைப் பார்த்தும் சொல்லலாம். கருப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று போதவில்லை. டர்போ, ஃபில்டர், இன்ஜெக்டர் இவற்றைப் பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் லூப் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை தொடர்ந்து வந்தால் டீசல் சரியாக எரியாமல் ஆவியாகிறது, அல்லது சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்குகிறது. இந்தப் பாடம் உங்கள் குடியிருப்பு ஜெனரேட்டருக்கும் அப்படியே பொருந்தும்.

கடலில்

1912 பிப்ரவரியில் டென்மார்க்கின் கோப்பன்ஹேகனிலிருந்து 'செலாண்டியா' என்ற கப்பல் பாங்காக் நோக்கிப் புறப்பட்டது. பெருங்கடலைக் கடந்த பெரிய டீசல் கப்பல்களில் முன்னோடி அது. நீராவிக் கப்பலுக்கு வேண்டிய உயரமான புகைபோக்கி அதற்குத் தேவைப்படவில்லை. பார்த்தவர்கள் இது எப்படி ஓடுகிறது என்று வியந்தார்கள்.

இன்றைய பெரிய சரக்குக் கப்பல்களின் எஞ்சினை எஞ்சின் என்று சொல்வதைவிடக் கட்டடம் என்றே சொல்லலாம். 2006இல் கடலில் இறங்கிய 'எம்மா மெர்ஸ்க்' என்ற கன்டெய்னர் கப்பலின் எஞ்சினில் 14 சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் குறுக்களவு 96 சென்டிமீட்டர். பிஸ்டன் இரண்டரை மீட்டர் ஏறி இறங்கும். சக்தி ஒரு லட்சம் குதிரைத்திறனுக்கு மேல். ஆனால் வேகமோ நிமிடத்துக்கு 102 சுற்றுதான். ஓடியாடிய குழந்தையின் நாடித்துடிப்பு இதைவிட அதிகம். கியரே இல்லாமல் நேராகப் புரொபெல்லரைச் சுற்றுவதால் இந்த நிதானம். எரிபொருளின் வெப்பத்தில் பாதியை உழைப்பாக மாற்றும் அளவுக்கு இவ்வகை எஞ்சின்கள் திறமை பெற்றுவிட்டன. ருடால்ஃப் டீசலின் 26 சதவீதத்தை நினைத்துப் பாருங்கள்.

பின்னோக்கிப் போக வேண்டுமென்றால்? எஞ்சினை நிறுத்தி, அழுத்தப்பட்ட காற்றைச் செலுத்தி எதிர்த்திசையில் ஸ்டார்ட் செய்துவிடுவார்கள்! எரிபொருளும் நம் பங்க் டீசல் அல்ல. சுத்திகரிப்பில் கடைசியில் மிஞ்சும் தார் போன்ற கன எண்ணெய். நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் அது இன்ஜெக்டரில் போகும். இதில் கந்தகம் அதிகம் என்பதால், 2020 ஜனவரி முதல் கந்தகத்தின் அளவு அரை சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு விதி செய்துவிட்டது. மிஞ்சினால் புகையைக் கழுவும் கருவி பொருத்த வேண்டும்.

கப்பலில் இன்னொரு கணக்கு உண்டு. புரொபெல்லருக்கு வேண்டிய சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் தேவைப்படும் சக்தி 27 சதவீதம் குறையும். எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் கப்பல் கம்பெனிகள் 'மெதுவாகப் போ' என்று கேப்டனுக்குச் சொல்வது இதனால்தான். ரயில் எஞ்சின் பழுதானால் அடுத்த ஷெட்டிலிருந்து மாற்று எஞ்சின் வரும். நடுக்கடலில் யார் வருவார்? அதனால் கப்பலில் பிஸ்டன், சிலிண்டர் மூடி, இன்ஜெக்டர் எல்லாம் உதிரியாக உடன் போகும். அங்கேயே கழற்றி மாட்டத் தெரிந்த ஆட்களும் உடன் போவார்கள்.

மின்சாரத்துக்கு

மூன்றாவது ஊழியத்தில் வேகம் மாறவே கூடாது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. நான்கு துருவ ஆல்டர்னேட்டர் என்றால் எஞ்சின் நிமிடத்துக்குச் சரியாக 1500 சுற்று சுற்ற வேண்டும். ஆறு துருவம் என்றால் 1000. லிஃப்ட் கிளம்பினாலும், பத்து வீட்டு மோட்டார் ஒன்றாக ஓடினாலும் இந்த எண் அசையக்கூடாது. அதைக் காப்பது கவர்னர் என்னும் காவற்காரன். வேகம் குறைய முயன்றால் கூடுதல் டீசலும், ஏற முயன்றால் குறைந்த டீசலும் விட்டு நேர் செய்வான்.

பெங்களூருக்கும் மின்சாரத்துக்கும் பழைய உறவு. 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் எடுத்த மின்சாரம் முதலில் கோலார் தங்கவயலுக்குப் போனது. நம் தமிழ்த் தொழிலாளர்கள் பூமிக்கடியில் உழைத்த அதே தங்கவயல். 1905இல் பெங்களூர்த் தெருவிளக்குகள் எரிந்தன. அதன்பிறகு பல பத்தாண்டுகள் கர்நாடகம் பெரிதும் நீர் மின்சாரத்தையே நம்பியிருந்தது. மழை பொய்த்தால் மின்வெட்டு. அந்தத் தவிப்பில்தான் 1990களின் தொடக்கத்தில் எலகங்காவில் கர்நாடக மின்கழகம் ஆறு டீசல் எஞ்சின்கள் கொண்ட மின்நிலையத்தை அமைத்தது. மொத்தம் சுமார் 128 மெகாவாட். சென்னை பேசின் பிரிட்ஜில் நான்கே எஞ்சின்களில் 200 மெகாவாட் தந்த தனியார் நிலையம் அந்தப் பத்தாண்டின் இறுதியில் வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டச் சாமல்பட்டியிலும் மதுரை அருகே சமயநல்லூரிலும் இப்படி டீசல் நிலையங்கள் எழுந்தன.

டீசல் நிலையத்தைச் சீக்கிரம் கட்டிவிடலாம்; நினைத்தவுடன் ஓட்டலாம், நிறுத்தலாம். ஆனால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் எண்ணெய் வாங்க வேண்டும். நாடு முழுவதும் நிலக்கரி, காற்றாலை, சூரிய மின்சாரம் பெருகியபோது இந்த விலைக்கு வாங்க ஆளில்லாமல் போயிற்று. இன்று எலகங்காவில் இருப்பது 370 மெகாவாட் எரிவாயு மின்நிலையம். டீசலுக்கு மிஞ்சியது 'ஸ்டாண்ட்பை' வேலை, அதாவது ஆபத்துக்கு உதவும் வேலை. அதுவே பெரிய வேலை. மருத்துவமனை, விமான நிலையம், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், அணுமின் நிலையம் எல்லாம் கடைசியில் நம்புவது டீசல் ஜெனரேட்டரைத்தான்.

தண்ணீரும் ஜெனரேட்டரும்

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் புக்குஷிமாவில் நிலநடுக்கத்தால் வெளி மின்சாரம் அறுந்தது. அணு உலைகளைக் குளிர்விக்கும் டீசல் ஜெனரேட்டர்கள் ஒழுங்காக ஸ்டார்ட் ஆயின. குறையில்லாமல் ஓடின. ஒரு மணி நேரத்துக்குள் சுனாமி வந்து, தாழ்வாக இருந்த ஜெனரேட்டர்களையும் சுவிட்ச் போர்டுகளையும் மூழ்கடித்தது. பிறகு நடந்தது உலகறியும். அதே வளாகத்தில் சற்று உயரத்தில், காற்றால் குளிர்விக்கப்பட்ட ஒரே ஒரு ஜெனரேட்டர் பிழைத்தது. ஐந்தாவது, ஆறாவது உலைகளை அது காப்பாற்றியது. எல்லாம் ஒரே இடத்தில் நல்ல எஞ்சின்கள்தான். வைத்த உயரம்தான் வேறு.

இது எங்கோ ஜப்பான் கதை என்று நினைக்க வேண்டாம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் ஜெனரேட்டர் அறைகளில் தண்ணீர் புகுந்து, தீவிர சிகிச்சைப் பிரிவுக் கருவிகள் நின்ற கொடுமையைக் கேட்டோம். 2022 செப்டம்பரில் இங்கே பெல்லந்தூர், ஏமலூர், சர்ஜாப்பூர் சாலைப் பகுதிகளில் அடித்தளங்கள் குளமாயின. அதே நாட்களில் மண்டியா மாவட்டத்தில் பெங்களூருக்குக் காவிரி நீரை ஏற்றும் தொரேகாடனஹள்ளி பம்ப் நிலையமும் மூழ்கி, நகரில் குடிநீர் நின்றது. ஜெனரேட்டரையும் மெயின் போர்டையும் அடித்தளத்தில் வைத்துவிட்டு, வெள்ளத்துக்கு ஜெனரேட்டர் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பதில் பொருளில்லை.

உங்கள் குடியிருப்பில் பார்க்க வேண்டியவை

ஓய்வு பெற்றபின் நண்பர்கள் அழைத்துச் சில குடியிருப்புகளில் ஜெனரேட்டரைப் பார்த்துச் சொல்வது உண்டு. ஓரிடத்தில் 250 கே.வி.ஏ. செட் வைத்திருந்தார்கள். ஜெனரேட்டருக்குப் பொதுவாகப் பவர் ஃபாக்டர் 0.8 என்பதால் இதன் உண்மைத் திறன் 200 கிலோவாட். மின்சாரம் போகும் நேரத்தில் அங்கே இருந்த சுமையோ 30 கிலோவாட். புகைக்குழாய் இணைப்புகளில் கருப்பாக எண்ணெய் வழிந்தது. எஞ்சினையே பிரித்து ஓவர்ஹாலிங் செய்ய வேண்டும் என்று யாரோ பெரிய தொகை சொல்லியிருந்தார்கள். உண்மையில் எஞ்சினுக்கு நோயில்லை, போதிய வேலையில்லை. சுமை மிகக் குறைவாக இருந்தால் சிலிண்டர் சூடேறாது. டீசல் முழுதும் எரியாமல் புகைக்குழாயில் சேரும். வீட்டு ஏ.சி., லிஃப்ட், பம்ப் எல்லாவற்றையும் சேர்த்துச் சில மணி நேரம் நல்ல சுமையில் ஓட்டியதும் பெரும்பகுதி எரிந்து வெளியேறிவிட்டது. பெரிதாக வாங்கினால் நல்லது என்ற எண்ணம் டீசல் எஞ்சினுக்குப் பொருந்தாது. சுமை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே நெடுநேரம் இருக்கக்கூடாது.

செலவுக் கணக்கு: நடுத்தர அளவு செட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.28 லிட்டர் டீசல் ஆகும். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், யூனிட்டுக்கு எண்ணெய் மட்டும் 25 ரூபாய். இது நியாயமான அளவா என்று உங்கள் சங்கக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புது செட் வாங்குவதானால், 800 கிலோவாட் வரையிலான செட்டுகளுக்கு 2023 ஜூலை முதல் கடுமையான புகை விதிகள் வந்துவிட்டன என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி உயிர் சம்பந்தப்பட்டவை.

ஒன்று: சேஞ்ச் ஓவர் சுவிட்ச். ஜெனரேட்டர் மின்சாரமும் வெளி மின்சாரமும் ஒரே நேரத்தில் இணைய முடியாதபடி இது தடுக்க வேண்டும். கடை, சிறு வீடுகளில் சிலர் சிறிய ஜெனரேட்டரை ஒரு பிளக் வழியாகச் சுவரில் செருகிவிடுகிறார்கள். அந்த மின்சாரம் மீட்டர் வழியாக வெளியே போய், தெரு டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட் ஆகிவிடும். லைன் அணைந்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியர் அந்த நொடியே இறந்துபோவார். இதை எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள், செய்பவரையும் தடுங்கள்.

இரண்டு: புகை. எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குபவர் தூக்கத்திலேயே போய்விடுவார். சிறிய ஜெனரேட்டரை வீட்டுக்குள், பால்கனியில், மூடிய ஷட்டருக்குள், படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே வைத்து ஓட்டவே கூடாது. பெட்ரோலில் ஓடும் சிறு ஜெனரேட்டரில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

மூன்று: பாட்டரி. தேவைப்படும் நேரத்தில் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் எஞ்சின் அல்ல, செத்த பாட்டரிதான். மாதம் ஒரு முறையாவது, வெறுமனே அல்லாமல், உண்மையான சுமையோடு அரை மணி நேரம் ஓட்டுங்கள். லிஃப்ட்டில் சிக்கிக்கொண்ட முதியவருக்கு அன்றைக்குத்தான் அதன் அருமை தெரியும்.

நான்கு: டீசல். பல மாதம் டாங்கில் கிடந்தால் ஈரம் சேர்ந்து கசடு பிடிக்கும். அடியில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும்.

டீசலின் எதிர்காலம்

பெங்களூர்–ஜோலார்பேட்டைப் பாதை 1990களிலேயே மின்மயமாகிவிட்டது. இப்போது நாட்டின் அகலப்பாதை ஏறக்குறைய முழுவதுமே மின்கம்பிக்குக் கீழே வந்துவிட்டது. டீசல் எஞ்சினை மின்சார எஞ்சினாக மாற்றும் வேலையும் வாரணாசியில் 2018இல் நடந்தது. டீசல் ஷெட்டுகள் மின்சார எஞ்சின்களைப் பராமரிக்கக் கற்றுக்கொண்டுவிட்டன. எண்ணெய் இறக்குமதிக்கும் காற்றின் தூய்மைக்கும் இது நல்லதே. பழைய பாசத்தால் மறுப்பதற்கில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்திய மின்தொகுப்பு வீழ்ந்தபோது நூற்றுக்கணக்கான ரயில்கள் நடுவழியில் நின்றன. தென்னிந்தியத் தொகுப்பு அப்போது அதனோடு ஒருங்கிணைந்து ஓடாததால் நாம் தப்பினோம். 2013 டிசம்பர் 31 முதல் ராய்ச்சூர்–சோலாப்பூர் வழியாக நாடு முழுவதும் ஒரே தொகுப்பு. இதனால் பல நன்மைகள். அதே சமயம் ஒரு பெரிய இடி விழுந்தால் அது எல்லோருக்கும் விழும். புயலில் கம்பி அறுந்த இடத்துக்கு நிவாரண வண்டியை இழுத்துப் போகவும் கம்பியை நம்பாத எஞ்சின் வேண்டும். ஆகவே எண்ணிக்கை குறைந்தாலும், டீசல் எஞ்சின் சில காலம் நம்மோடு இருந்தே தீரும்.

அப்போது எஞ்சின் மட்டும் இருந்தால் போதாது, அறிந்தவர்கள் வேண்டும். அன்றாடம் ஓடும் இயந்திரத்தைவிட, வருடத்தில் நான்கு நாள் ஓடும் இயந்திரத்தைத் தயாராக வைத்திருப்பது கடினம். பொன்மலையிலும் கிருஷ்ணராஜபுரத்திலும் புகையின் நிறத்தைப் பார்த்தே நோய் சொன்ன ஃபிட்டர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகிறார்கள். டிப்ளமா, ஐ.டி.ஐ. படிக்கும் நம் பிள்ளைகள் டீசல் பழைய சரக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம். மருத்துவமனைகளும் தகவல் மையங்களும் கப்பல்களும் இந்த வேலை தெரிந்தவர்களை இன்றும் தேடுகின்றன.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குடியிருப்புச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: ஜெனரேட்டரும் மெயின் போர்டும் 2022 வெள்ளம் போன்ற ஒன்று வந்தால் நனையாத உயரத்தில் இருக்கின்றனவா? கடைசியாகச் சுமையோடு ஓட்டிப் பார்த்த தேதி என்ன? பாட்டரிக்கு வயது எத்தனை? சேஞ்ச் ஓவர் சுவிட்சைக் கடைசியாகச் சோதித்தவர் யார்? நான்குக்கும் எழுத்தில் பதில் இருந்தால் உங்கள் ஜெனரேட்டர் அறையில் கவலையில்லை. இல்லாவிட்டால், அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே அந்தப் பதில்களைத் தேடிவிடுங்கள்.